சனிக்கிழமைத் துணை

விடுதிக் கேட்டைத் தாண்ட வேண்டுமானால் கல்யாணமான பெண் ஒருத்தி கூட வர வேண்டும். நான் ரங்கூனில் படித்த காலம் முழுவதும், விடுதியை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவிடம் மாறாமல் இருந்த சட்டம் அது ஒன்றுதான். சாப்பாட்டு மணி மாறும், ஜெப நேரம் மாறும், சமையற்காரர்கூட மாறினார். இது மட்டும் அசையவில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. ஊரில் மிஷன் பள்ளியில் படித்து முடித்திருந்தேன். ரங்கூனில் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் பெண்கள் போதவில்லை, பயிற்சியை அங்கேயே கொடுத்து வேலையும் கொடுப்பார்கள் என்று தெரிந்ததும் அப்பா இரண்டு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அம்மா யோசிக்கவே இல்லை, அழ ஆரம்பித்துவிட்டாள். அப்படிக் கப்பலேறி, கடலில் எல்லோரையும்போல வாந்தியெடுத்து, ரங்கூன் துறைமுகத்தில் இறங்கி, நேரே விடுதிக்குள் போய்ச் சேர்ந்தவள்தான். அதற்குப் பிறகு நாலைந்து மாதம் ரங்கூன் என்பது எனக்கு மாடி ஜன்னல் அகலத்துக்கு மட்டுமே தெரிந்தது. ஒரு மூலையில் பெரிய பயாவின், அந்தப் புத்தர் கோபுரத்தின், தங்க நுனி, இன்னொரு மூலையில் ஆற்றுக் கப்பல்களின் பாய்மரம். நடுவில் மழை.

பக்கத்துக் கட்டில் ஒரு பர்மியப் பெண்ணுடையது. த்வாண்டே ஊரில் அவள் அப்பா நெல் மில் வைத்திருந்தார். மில்லில் வேலை செய்த தமிழ் ஆட்களைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் கொஞ்சம் தமிழ் வந்திருந்தது. ஆனால் அத்தனையும் கட்டளைத் தமிழ். காலையில் என்னை எழுப்பும்போது, "ஏய், எழுந்திரு! மூட்டையைத் தூக்கு!" என்பாள். அன்பாகச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் ஆங்கிலத்தில்தான் சொல்ல முடியும்.

"உனக்கு எங்கள் ஊரைக் காட்ட வேண்டும். காலையில் லாஞ்சில் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாம்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். "கல்யாணமான ஒருத்தியைப் பிடி."

தமிழ் ஆராதனை முடிந்து கோயில் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்படி ஒருத்தி அகப்பட்டாள். ரயில் கார்டின் மனைவி. நாகப்பட்டினத்துப் பெண். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ரங்கூனிலேயே பசுந்தாங் பக்கம் ஓர் இரண்டாம் மாடி வீட்டில் இருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள்.

"அக்கா, நீங்க காலேஜா? எங்கெல்லாம் போயிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"எங்கேயும் போகலை. நீ?"

"கோயில். மீன் மார்க்கெட். மறுபடியும் கோயில்." கையை விரித்தாள். "அவருக்கு எப்பவும் லைன் டூட்டி. வந்தா தூங்குவாரு. எழுந்தா போயிடுவாரு. நான் ஜன்னல்ல நிப்பேன்."

எங்கள் கஷ்டத்தைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அவள் கண் பெரிதாகிவிட்டது.

"நான் கல்யாணமானவதானே?" என்றாள்.

மிஸ்ஸியம்மாவைப் பார்க்க அவள் வந்த கோலத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. கறுப்புக் கரைச் சேலை, காது தெரியாமல் இழுத்து முடிந்த கொண்டை, ஒரு கையில் ஆண்பிள்ளைக் குடை, இன்னொரு கையில் பைபிள். நடையில்கூடப் பத்து வயதைக் கூட்டியிருந்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் தலையைத் தாழ்த்தி "யெஸ் மேடம்" என்றாள். மிஸ்ஸியம்மாவுக்கு மிகவும் திருப்தி. நிதானமான பெண் என்று எங்களிடம் தனியாகச் சொன்னார்.

அந்த நிதானமான பெண் கேட்டைத் தாண்டி முதல் திருப்பத்திலேயே கொண்டையை அவிழ்த்துப் பின்னலாகத் தொங்கவிட்டு, "எங்க போறோம்?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. மிஸ்ஸியம்மா முன்னால் நான் "வாங்க அம்மா" என்பேன். திருப்பம் வந்ததும் "வா" என்பேன்.

த்வாண்டேக்கு மழை விட்டதும் போனோம். கால்வாயில் லாஞ்சு போகும்போது இரண்டு பக்கமும் வயல் பச்சை. எருமை முதுகில் கொக்கு. எங்கள் துணை ஓரிடத்தில் உட்காரவில்லை. லாஞ்சின் முன்னால் போய் நிற்பாள், பின்னால் போய் நிற்பாள், மீன்கூடைக்காரிகளிடம் மார்க்கெட்டில் கற்ற பர்மியத்தில் பேரம் பேசுவாள், எதையும் வாங்கமாட்டாள். பர்மியச் சிநேகிதி வீட்டில் ஙாப்பி என்ற மீன் விழுதை வைத்தபோது நான் அதன் வாசனைக்கே மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "நம்ம ஊர்க் கருவாட்டுக்குத் தங்கச்சி" என்று சொல்லி இரண்டாம் தடவையும் சோறு வாங்கினாள்.

சாப்பிட்டுப் பானைச் சூளைப் பக்கம் போனதுதான் வினை. அங்கே இடுப்பு உயரத்துக்கு ஒரு தண்ணீர்ச் சாடி, பழுப்பும் தேனும் கலந்த பளபளப்போடு நின்றது. அது இல்லாமல் திரும்பமாட்டேன் என்று நின்றுவிட்டாள். லாஞ்சில் ஏற்ற இரண்டு ஆள் கை கொடுத்தார்கள். ரங்கூனில் இறங்கியபோது அந்த இரண்டு ஆளும் இல்லை. ரிக்‌ஷாக்காரர் எங்களையும் சாடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பானை வந்தா நீங்க வரமுடியாது. நீங்க வந்தா பானை வரமுடியாது" என்றார்.

சாடி ரிக்‌ஷாவில் ஜமீன்தார்போல உட்கார்ந்து போயிற்று. நாங்கள் மூவரும் பக்கத்தில் நடந்து போனோம். பசுந்தாங் தெருவில் பிள்ளைகள் பின்னால் கூடிவிட்டார்கள்.

அந்தச் சாடி எப்படி வந்தது என்று கார்டு கேட்கவில்லையா என்று மறுவாரம் கேட்டேன்.

"கேட்டாரு. சனிக்கிழமை மிஷன் வேலைக்குப் போறேன்னு சொல்லியிருக்கேன்ல? மிஷன்ல கொடுத்தாங்கன்னேன்."

"நம்பினாரா?"

"நல்லதுன்னாரு. அவரு எதுக்கும் நல்லதும்பாரு. அப்புறம் தூங்கிட்டாரு."

எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஆனால் அடுத்த சனிக்கிழமை டல்லாவுக்குப் படகில் போகலாம் என்று பேச்சு வந்ததும் சங்கடம் போய்விட்டது. கார்டை அதுவரை கோயிலில் தூரத்தில்தான் பார்த்திருந்தேன். ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். அவளைவிடப் பத்து வயது பெரியவர். உயரம், மெலிந்த உடம்பு. பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு முன் பிடித்துக்கொண்டு வாயசைக்காமல் நிற்பார்.

குளிர் தொடங்கிய மாதம் பெகுவுக்குப் போக முடிவு செய்தோம். அங்கே கோட்டைச் சுவர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரைப் பார்க்க வேண்டும் என்பது சிநேகிதியின் ஆசை. ரயிலில் போக வேண்டும் என்றதும், கார்டு பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்டேன்.

"அவரு அன்னைக்கு ப்ரோம் லைன்ல இருக்காரு. நேத்தே கேட்டு வச்சுட்டேன்" என்றாள் எங்கள் துணை. இருந்தாலும் பெரிய ஸ்டேஷனில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று பசுந்தாங்கிலேயே ஏறினோம். பெண்கள் பெட்டியில் நல்ல கூட்டம். ஒரு பர்மியக் கிழவி வாசலை அடைத்தாற்போல வாத்துக் கூடையை வைத்துக்கொண்டு சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தின்கன்ஜூனில் வண்டி நின்றது. சுரைக்காய் பஜ்ஜி விற்ற பெண்ணைக் கூப்பிட எங்கள் துணை ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினாள். நீட்டிய வேகத்தில் உள்ளே வந்தாள். வந்தவள் பெஞ்சில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்து முந்தானையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டாள்.

"என்ன ஆச்சு?"

"அவரு!"

"எவரு?"

"எங்க வீட்டுக்காரரு! பிளாட்பாரத்துல நடந்து வர்றாரு!"

எட்டிப் பார்த்தேன். வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக, அக்குளில் கொடிகளோடு அவரேதான். வேறொரு கார்டுக்குக் காய்ச்சல் வந்து, அன்று விடியற்காலையில் இவரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது.

அது எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற வண்டி. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் சிநேகிதி ஜன்னலில் காவல் நின்று, "உட்கார்!" என்பாள். வண்டி கிளம்பினால் "எழுந்திரு!" என்பாள். அவளுடைய தமிழ் அன்றைக்குத்தான் முழுசாகப் பயன்பட்டது.

பாதி வழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில், இறங்க வேண்டிய ஒருத்தி வாத்துக் கூடையைத் தாண்ட முடியாமல் கூச்சல் போட்டாள். கார்டு எங்கள் பெட்டிக்கே வந்துவிட்டார். கிழவியிடம் பர்மியத்தில் தன்மையாகப் பேசிக் கூடையை நகர்த்தினார். நகர்த்தினால், பின்னால் தரையில் தலைவரை மூடிக்கொண்டு ஒரு தமிழ்ப் பெண்.

"இவங்களுக்கு என்ன?" என்று எங்களைக் கேட்டார்.

நான் சிநேகிதியைப் பார்த்தேன். சிநேகிதி சட்டென்று, "காய்ச்சல்" என்றாள்.

அவர் முகம் மாறிவிட்டது. விறுவிறுவென்று தன் பெட்டிக்குப் போய் ஓர் எனாமல் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து குனிந்து நீட்டினார். "அம்மா, இதைக் குடிங்க. பயப்படாதீங்க. பெகு ஸ்டேஷன் பக்கத்திலேயே டாக்டர் இருக்காரு. நானே ஆள் வச்சுத் தூக்கிட்டுப் போகச் சொல்றேன்."

முந்தானைக்குள்ளிருந்து ஒரு கை வந்து குவளையை வாங்கியது. குவளை உள்ளே போயிற்று. பிறகு முந்தானை குலுங்க ஆரம்பித்தது. நடுக்கம் அதிகமாகிவிட்டது என்று அவர் பதறி, "அம்மா, அம்மா" என்றார். "தூக்கிட்டுப் போகணுமா!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வெடித்தது. முந்தானை விலகியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரோடு அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் அப்படியே நின்றார். "நீயா?"

"நான்தான்."

எஞ்சின் ஊதியது. அவர் அவளைப் பார்த்தார், எஞ்சின் பக்கம் பார்த்தார். "பெகு வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

 மிச்ச வழி முழுக்க அவள் சிரிப்பெல்லாம் வற்றிப்போய் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸியம்மாவுக்குத் தெரிந்தால் என்னைக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். கிழவி மட்டும் நடந்ததைச் சிநேகிதியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சுருட்டு புரையேறும்வரை சிரித்தாள்.

பெகுவில் எல்லோரும் இறங்கிப் போகும்வரை மூவரும் பிளாட்பாரத்தில் வரிசையாக நின்றோம். அவர் தன் வேலையை முடித்துவிட்டு நிதானமாக வந்தார்.

"மிஷன் வேலைன்னு சொன்னே?"

"ஆமா. இவங்க ரெண்டு பேரும் மிஷன் விடுதி. நான்தான் இவங்களுக்குத் துணை. மிஸ்ஸியம்மாவே வச்சது."

"சரி. உனக்கு யாரு துணை?"

அவள் கொஞ்சமும் தயங்காமல் எங்களைக் காட்டினாள். "இவங்க."

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிந்தும் கையை எடுக்கவில்லை. தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. சத்தமில்லாத சிரிப்பு. அவள் அதை அன்றுவரை பார்த்ததில்லைபோல, வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப எங்க போறீங்க?"

"படுத்திருக்கிற புத்தரைப் பாக்க."

"அது எந்தப் பக்கம் இருக்கு?"

 "உங்களுக்குத் தெரியாதா? வாராவாரம் இங்க வர்றீங்களே!" என்றாள் அவள்.

"வந்தா ரன்னிங் ரூம்ல படுப்பேன். திரும்பற வண்டிக்கு எழுந்திருப்பேன்." கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். "ஸ்டேஷனைத் தாண்டினதில்லை."

"வாங்க. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள், பெகுவிலேயே பிறந்தவள்போல.

திரும்பும் வண்டிக்கு நேரம் நிறைய இருந்தது. நால்வரும் ஒரு குதிரை வண்டியில் நெருக்கி உட்கார்ந்து போனோம். அவர் கொடிகளை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார். கடைத்தெருவைப் பார்த்து, "இவ்வளவு பெரிய ஊரா இது?" என்று மெதுவாகச் சொன்னார்.

புத்தர் இருந்த இடத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும். எங்களுக்கு அது ஒரு நொடி வேலை. அவருடையது முழங்காலுக்குப் பாதி வந்த பூட்ஸ். படியில் உட்கார்ந்து நாடாவை இழுத்தார். முடிச்சு விழுந்துவிட்டது. கொடிகளை அவளிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தார். அவள் கொடிகளை என்னிடம் தள்ளிவிட்டுக் கீழே உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"விடு, விடு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்." பூட்ஸ் வந்தது. காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. "இது என்ன? சொல்லியிருந்தா தச்சுக் கொடுத்திருப்பேனே?"

"நான் வரும்போது நீ தூங்கறே. நீ எழும்பும்போது நான் தூங்கறேன். எப்பச் சொல்றது?"

"எழுப்பிச் சொல்லலாம்ல?"

"சரி. எழுப்பறேன்" என்றார்.

உள்ளே போனோம். இரும்புக் கூரைக்கு அடியில் அந்தப் பெரிய உருவம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பாதத்திலிருந்து முகம்வரை நடந்து போவதே ஒரு தெருவைக் கடப்பதுபோல இருந்தது. சிநேகிதி மண்டியிட்டு வணங்கினாள். நாங்கள் பக்கத்தில் அமைதியாக நின்றோம். கண் முழுவதும் மூடாமல், உதட்டில் லேசான சிரிப்போடு இருந்த அந்த முகத்தைக் கார்டு வெகுநேரம் பார்த்தார்.

"டூட்டி முடிஞ்சவரோட முகம்" என்றார்.

கோயிலில் அவர் வாயசைக்காமல் நிற்பதைப் பார்த்து, பேசத் தெரியாத மனிதர் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அன்றைக்கு அந்த நினைப்புப் போயிற்று.

வெளியே மரத்தடியில் மொஹிங்கா விற்றார்கள். மீன் குழம்பில் இடியாப்பம்போன்ற அரிசி நூலைப் போட்டு, மேலே பொரித்த வெங்காயத்தைத் தூவிச் சுடச்சுடக் கொடுப்பது. குட்டை முக்காலிகளில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் சின்ன வயதில் பசுந்தாங் ஓடையில் நீந்தப் போய் அப்பாவிடம் அடி வாங்கிய கதையைச் சொன்னார். அவள் இன்னொரு கிண்ணம் கேட்டாள். அவரும் கேட்டார். சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் அவர் பேச்சு நின்றது.

குதிரை வண்டிக்காரரைக் காத்திருக்கச் சொல்லியிருந்தோம். அவர் வேறு சவாரி கிடைத்துப் போய்விட்டார். பூட்ஸ் போட நேரமில்லை. நாடா இரண்டையும் சேர்த்து முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டு, கார்டு வெறுங்காலோடு ஓட ஆரம்பித்தார். நாங்கள் சேலையையும் சிநேகிதி தன் பர்மிய லுங்கியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினோம்.

"நில்லுங்க! நீங்க இல்லாம வண்டி போகாதுல்ல, ஏன் இப்படி ஓடறீங்க?" என்று அவள் கத்தினாள்.

"அதனாலதான் ஓடறேன்!" என்று அவர் திரும்பாமல் கத்தினார்.

கடைத்தெரு முழுக்க வழிவிட்டுப் பார்த்தது. ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது எஞ்சின் தண்ணீர் குடித்து முடித்துத் தயாராக இருந்தது. டிரைவர், ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரத் துரை ஒருவர், கழுத்தில் பூட்ஸோடு வரும் கார்டைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தார். எங்களைப் பெண்கள் பெட்டியில் தள்ளிவிட்டு அவர் கடைசிப் பெட்டிக்கு ஓடினார். மணி அடித்தது. விசில் கேட்டது. வண்டி நகரவில்லை.

எட்டிப் பார்த்தேன். கார்டு பிளாட்பாரத்தில் நின்று அக்குளைத் தடவினார், இடுப்பைத் தடவினார், சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். அத்தனை தூரமும் கொடிகளை நான்தான் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன்.

"ஐயோ, இங்க இருக்கு!" என்றேன். அவள் என் கையிலிருந்து பறித்து, ஜன்னலில் சாய்ந்து, அவருக்குத் தெரியட்டும் என்று பலமாக ஆட்டினாள். ஆட்டியது பச்சை. டிரைவருக்கு அது போதும். எஞ்சின் நீளமாக ஊதிக்கொண்டு கிளம்பியது. கார்டு இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு எட்டிப் பிடித்துத் தாவி ஏறினார். பூட்ஸ் முதுகில் அடித்தது.

அடுத்த ஸ்டேஷனில் எங்கள் ஜன்னலுக்கு வந்து கையை நீட்டினார். அவள் பச்சையைக் கொடுத்தாள்.

"சிவப்பையும் கொடு. அதையும் ஆட்டிட்டேன்னா இங்கயே ராத்திரி ஆயிடும்."

"கோவமா?"

"யபாதே" என்றார். பரவாயில்லை என்று பர்மியர்கள் சொல்வது. கொடியை வாங்கிக்கொண்டு இரண்டடி போனவர் திரும்பி வந்து, "அடுத்த சனிக்கிழமை எங்கே?" என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவருக்கு ஓய்வு நாள். கோயிலுக்குப் போடும் கோட்டும் டையுமாக மனைவியோடு விடுதிக்கு வந்தார். பெண்பிள்ளைகள் ஆறு கடந்து போகும்போது ஓர் ஆண்துணையும் இருப்பது நல்லது என்று மிஸ்ஸியம்மாவிடம் தாழ்மையாகச் சொன்னார். மிஸ்ஸியம்மா எங்களைப் பார்த்து, உங்களுக்கு எவ்வளவு நல்ல மனிதர்கள் கிடைத்திருக்கிறார்கள் பாருங்கள் என்றார். நாங்கள் தலையைத் தாழ்த்திக்கொண்டோம்.

ஓய்வு கிடைத்த சனிக்கிழமைகளில் அவர் வந்தார். சிரியத்துக்குப் போனோம், ஏரிக்கரைக்குப் போனோம், ஒருமுறை மறுபடி த்வாண்டேக்குப் போய் அவள் இன்னொரு சாடியைப் பார்க்காமல் கையைப் பிடித்து இழுத்து வந்தோம். ஊர் சுற்ற அவருக்குத் தெரியவில்லை. படகு கரை சேருமுன்பே எழுந்து நிற்பார். எல்லோரும் இறங்கிவிட்டார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார். ஆனால் பேசினார். பேச ஆரம்பித்தால் எங்கள் துணைகூட வாயை மூடிக்கொண்டு கேட்பாள்.

அடுத்த மழையில் அவளுக்கு மசக்கை. ஊர் சுற்றல் நின்றது. மிஸ்ஸியம்மா எங்களுக்கு வேறு துணை பார்த்துக் கொடுத்தார். வேத ஊழியம் செய்யும் வயதான அம்மாள். நல்லவர்தான். எங்கே போனாலும் ஒரு பெஞ்சைக் கண்டுபிடித்துத் தூங்கிவிடுவார். அவரைத் தனியாக விட்டுப் போக மனசு வராமல் நாங்களும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம்.

பிள்ளை பிறந்து, கழுத்து நின்ற பிறகு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கார்டும் மனைவியும் எங்களைப் பசுந்தாங் ஓடைக்கரைக்குக் கூட்டிப் போனார்கள். கரையில் ஒரு சம்பான் நின்றது. அவர் நீந்தின ஓடையைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தாராம். ஆடுகிற படகில் பிள்ளை வேண்டாம் என்றாள். "அக்கா, ஒரு நிமிஷம் பிடிங்க." பிள்ளை என் மடிக்கு வந்தது. இருவரும் ஏறிக்கொண்டார்கள். படகுக்காரர் துடுப்பைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் கை நீட்டி எதையோ காட்டுவதும் அவள் சிரிப்பதும் மட்டும் தூரத்தில் தெரிந்தது.

ஒரு நிமிஷம் அரை மணி ஆயிற்று. கல்யாணமாகாத இரண்டு மாணவிகள் ஓடைக்கரையில் ஒரு கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்தோம். அந்த வழியே குடை பிடித்துக்கொண்டு வந்த, எங்கள் கோயிலுக்கு வரும் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி எங்களை அடையாளம் கண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள்.

"இது யாருடைய குழந்தை?"

நான் மறுபடி சிநேகிதியைப் பார்த்தேன். சிநேகிதி எழுந்து மரியாதையாக நின்று, "எங்கள் துணையினுடையது, மேடம். அவர்கள் வரும்வரை இவர்தான் துணை" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பிள்ளையைக் காட்டினாள்.

பிள்ளை கொட்டாவி விட்டது.